அடுப்பும் வரைபடமும்

மின்கம்பி எங்கெங்குச் செல்கிறது என்பதற்கு வரைபடம் உண்டு. ஆற்றுநீர் எந்த மதகு வழியாக எந்த வயலுக்குப் பாய்கிறது என்பதற்கும் உண்டு. விறகு எங்கிருந்து வந்து எந்த அடுப்பில் எரிகிறது என்பதற்கோ நெடுங்காலம் வரைபடம் இல்லை. இத்தனைக்கும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களில் 62.5 விழுக்காடு விறகை எரித்தே சமைத்தன.

வரைபடம் இல்லாத இடத்தில் அச்சமே கணக்காயிற்று. 1975இல் அமெரிக்க ஆய்வாளர் எரிக் எக்ஹோம், விறகுப் பற்றாக்குறையை ‘மற்றோர் ஆற்றல் நெருக்கடி’ என்று குறிப்பிட்டார். ஏழை நாடுகளின் துயரை உலகறியச் செய்த நல்ல எழுத்து அது. ஆயினும் அக்காலத்தில் பலர் போட்ட கணக்கு மிக எளியது. மக்கள்தொகையை ஒருவருக்கு வேண்டிய விறகால் பெருக்கினர். காடுகளின் ஆண்டு வளர்ச்சியை அதிலிருந்து கழித்தனர். எஞ்சியதைப் பற்றாக்குறை என்றனர். காட்டை அழிப்பவர் தலைச்சுமையோடு வரும் பெண்களே என்ற பழியும் அக்கணக்கோடு சேர்ந்து பரவியது.

கணக்கில் விடுபட்டவை பல. வரப்போர மரங்கள், வேலிகள், தென்னை மட்டை, ஏரிக்கரைப் புதர்கள், தாமே உதிர்ந்த கிளைகள் ஆகியவை காட்டுப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. சுள்ளி பொறுக்குவது வேறு, விறகு வெட்டுவது வேறு என்பதைத் தமிழ் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. அறிக்கைகள்தாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

இக்குறையைக் களைய ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து 2003இல் ஒரு வரைபட முறையை வெளியிட்டது. ‘விஸ்டம்’ என்பது அதன் சுருக்கப்பெயர். இம்முறை நாட்டைச் சிறு சிறு நிலப்பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றிலும் எரியும் விறகு ஒரு படலமாகவும், ஆண்டுதோறும் வளரும் விறகு மற்றொரு படலமாகவும் வரையப்படுகின்றன. வளர்ந்த மரம் அனைத்தும் கைக்கு எட்டுவதில்லை. தொலைவு, செங்குத்துச் சரிவு, சட்டத் தடை ஆகியவற்றையும் கழித்த பிறகே இரு படலங்களும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்படுகின்றன. மெக்சிகோ, செனகல், சுலோவேனியா ஆகிய நாடுகளில் இது முதலில் பயன்பட்டது.

பின்னர் இம்முறையைத் தழுவி 2015இல் வெளிவந்த ஆய்வு, 2009இல் வெப்பமண்டல நாடுகளில் எரிந்த மரத்தில் 27 முதல் 34 விழுக்காடு மட்டுமே மீள்வளர்ச்சியை விஞ்சி எடுக்கப்பட்டது என்று மதிப்பிட்டது. இது ஆறுதலன்று. அந்தச் சுமை எங்கும் பரவியிருக்கவில்லை. தெற்காசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் குவிந்திருந்தது. ஏறத்தாழ 27.5 கோடி மக்கள் அத்தகைய இடங்களில் வாழ்ந்தனர். சராசரி அவர்களை மறைத்துவிடும், வரைபடம் மறைக்காது.

இராமநாதபுரத்தை எண்ணிப் பார்க்கலாம். காட்டு வரைபடத்தில் அது ஏறக்குறைய வெற்றிடம். எனினும் அங்கு அடுப்பெரிய வைத்ததும் கரிமூட்டங்களுக்கு உணவானதும் சீமைக்கருவேலம்தான். நீரையும் நிலத்தையும் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டு வலுத்து, 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதனை அகற்ற ஆணையிட்டது. அம்மரத்தைக் காக்க வேண்டும் என்பதன்று இங்கு வாதம். அகற்றுவோர் முதலில் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும்: எத்தனை அடுப்புகள், எத்தனை மூட்டங்கள், எந்தெந்த ஊர்களில் அதனை நம்பியுள்ளன? எரிவாயு உருளை வீட்டில் இருந்தும், அடுத்த உருளைக்குப் பணமின்றி மீண்டும் விறகுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கும் அக்கணக்கில் இடம் வேண்டும்.

செயற்கைக்கோள் மரத்தைக் காட்டும். அம்மரத்தில் யார் கை வைக்கலாம் என்பதைக் காட்டாது. எந்தப் புறம்போக்கு வேலியிடப்பட்டது, எந்தத் தோப்பில் சுள்ளி பொறுக்க விடுவர், எந்த மாதத்தில் ஈர விறகு மட்டுமே கிட்டும் என்பனவற்றை, நாள்தோறும் அவ்வழி நடக்கும் பெண்களிடம் கேட்டே குறிக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் வரையும் படம், அவர்கள் கூறிய ஒற்றையடிப் பாதைகளிலிருந்து தொடங்கட்டும்.