வீட்டுப் பட்டறையும் ஒரு கல்விச்சாலை

"தண்ணியில்லாக் காடு" என்று பிற மாவட்டத்தார் எங்கள் இராமநாதபுரச் சீமையை நகையாடுதல் யாவரும் அறிந்ததே. அத்தகைய சீமையிலே, குடிநீருக்குக் குடங்களை வரிசைவைத்துக் காத்திருக்கும் தெருவொன்றிலே, ஒருவர் பழைய ஸ்கூட்டர் என்ஜினுக்கு நீரூட்டிக் குளிர்விக்க முயன்றார் என்றால் கேட்பார் சிரியாதிருப்பரோ? சிரிக்கவே செய்தனர். அவர் என் பெரியப்பாவின் மகனார், ஊர் தங்கச்சிமடம். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுள் யானும் ஒருவன். இன்று அச்சிரிப்புக்கு நாணி, அவர் செய்த வேலை கல்வியின்பாற் பட்டதே என்றும், அத்தகைய வேலைக்கு நம் கல்லூரியில் இடமிருத்தல் வேண்டும் என்றும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

முதற்கண் அவ்வேலை இன்னதென விளக்குதல் முறை. நம் நாட்டு ஸ்கூட்டர்களில் நெடுங்காலம் வழங்கிவந்தது டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு என்ஜின். 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பாத் நகரிலே ஜோசப் டே என்பவர் இதன் எளிய வடிவத்தை அமைத்தார். நால்வீச்சு என்ஜினுக்குரிய வால்வுகள் இதற்கு இல்லை. சிலிண்டரின் சுவரிலே வெட்டிய துளைகளே வாயில்கள்; ஏறியிறங்கும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடும் காவலன். பிஸ்டன் மேலேறும்போது மேலறையிலுள்ள பெட்ரோல் கலவை நெருக்குண்ண, கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் புதுக்கலவை இழுக்கப்படும். அது கீழிறங்கும்போது முதலில் புகை வெளியேறும் வாயிலும், அடுத்துப் புதுக்கலவை மேலேறும் வாயிலும் திறக்கும். நால்வீச்சு என்ஜின் இருமுறை சுழன்று ஒருமுறை தீப்பற்றும். இதுவோ ஒவ்வொரு சுழற்சியிலும் தீப்பற்றும். ஆதலின் சிறிய உருவிலே பெரிய ஆற்றல் இதற்கு வாய்த்தது. அவ்வாற்றலோடு அடங்காத சூடும் உடன்பிறந்தது.

அச்சூட்டைத் தணிக்கும் வழிகள் இரண்டு. ஒன்று காற்று, மற்றொன்று நீர். 1972-இல் வெளிவந்து வீடுதோறும் விளங்கிய பஜாஜ் சேதக் காற்றையே நம்பியது. அதன் சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளமும் 57 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்ப்பார்க்கு 145.45 கன சென்டிமீட்டர் என்னும் கொள்ளளவு கிடைக்கும். சுழல்சக்கரத்தோடு பொருத்திய விசிறி, தகட்டு உறைக்குள் காற்றைச் செலுத்திச் சிலிண்டரின் செதில்களைக் குளிர்விக்கும். கடைத்தெருவுக்குச் சென்றுவர இஃது அமையும். அமுக்கத்தைக் கூட்டி, வாயில்களை அகலித்து, மிகுந்த ஆற்றலைப் பெற விரும்புவார்க்கோ அமையாது. சித்திரை வெயிலில் காற்றே கொதிக்குமாயின் அஃது எதனைக் குளிர்விக்கும்? நீர், எடைக்கு எடை காற்றைக்காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு சூட்டைத் தன்பால் ஏற்கவல்லது. இதனை உணர்ந்தே ஆல்பிரட் ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் 1908-இல் தாம் வெளியிட்ட இருவீச்சு மோட்டார் சைக்கிளில், என்ஜினின் தலைப்பகுதிக்கு நீரையும் சிலிண்டருக்குக் காற்றையும் வகுத்தார். என் தமையனார் ஸ்காட்டின் பெயரைக் கேட்டறியாதவர்; ஆயினும் கையிருப்பின் சுருக்கத்தால் அதே வழியைத் தாமாகவே கண்டடைந்தார்.

எங்கள் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பழுதுபார்க்கவும், படகுக்கு வர்ணம் பூசவும், என்ஜினைக் கழற்றிப் பூட்டவும் உரிய நாட்கள் அவை. சென்ற தடைக்காலத்திலே தமையனார் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய சேதக் என்ஜினொன்றைத் தென்னங்கிடுகுக் கொட்டகையில் மரச்சட்டத்தின்மேல் ஏற்றினார். இராமநாதபுரத்து லேத் பட்டறையிலே சிலிண்டருக்குப் போரிங் செய்து, அலுமினியக் கட்டியைக் குடைந்து நீரறையோடு கூடிய புதிய ஹெட் ஒன்றையும் கடைந்து வாங்கினார். கழித்துவிட்ட மோட்டார் சைக்கிளின் ரேடியேட்டரும், சிறு மின்பம்பும், ரப்பர்க் குழாய்களும் வந்து சேர்ந்தன. பிஸ்டனின் உச்சிக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க அவரிடம் அருங்கருவி எதுவும் இல்லை. பற்றவைக்கும் ஈயக்கம்பியைப் பிளக் துளைவழியே நுழைத்துக் கிராங்கைக் கையால் சுழற்றி, நசுங்கிய நுனியின் கனத்தை அளந்தார். வாயில்கள் திறக்கும் கோணத்தை அறியப் பள்ளிச்சிறார் கணிதப்பெட்டியிலுள்ள பாகைமானிகள் இரண்டை இணைத்துச் சுழல்சக்கரத்தில் ஒட்டினார். இவற்றைக் கண்ட பின்னரும் யான் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ஓட்டம் பன்னிரண்டு நிமிடமே நிலைத்தது. வீறிட்டு ஒலித்த என்ஜின் திடீரென நின்றது, கிக்கர் அசையவில்லை. சூட்டினால் விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. மெக்கானிக்குகள் 'சீஸ்' என்பது இதனையே. "தண்ணி ஊத்தியும் வெந்துபோச்சே!" என்றார் திண்ணையிலிருந்த பெரியவர் ஒருவர். தமையனார் ஒன்றும் பேசாது ஸ்பானரை எடுத்து ஹெட்டைக் கழற்றத் தொடங்கினார். அன்று இரவு விளக்கைப் பிடித்துக்கொண்டு அவருடன் அமர்ந்திருந்தபோதுதான் என் சிரிப்பு அடங்கியது.

ஆராய்ந்ததில் மூன்று குற்றங்கள் வெளிப்பட்டன. முதலாவது, ஹெட்டிலிருந்து நீர் வெளியேறும் குழாய் உச்சியில் இராமல் சற்றுத் தாழ்ந்திருந்தது. உச்சியில் தங்கிய காற்றுக்குமிழிக்குப் போக்கிடம் இல்லை. குமிழி நின்ற இடத்தில் நீர் தொடவில்லை. தொடாத இடம் காய்ந்தது. இரண்டாவது, புகைவாயிலை அரத்தால் அகலித்தவர் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றவில்லை. மிகுந்த காற்றுக்குக் குறைந்த பெட்ரோல் கலந்தால் எரிசூடு ஏறும். பெட்ரோலோடு கலந்துவரும் எண்ணெயும் குறையும். பிளக்கின் முனை சுண்ணாம்பு போல் வெளுத்திருந்ததே இதற்குச் சான்று. அலுமினியமோ சூட்டில் இரும்பைக்காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரிவது. அதற்கென விட்ட இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குமில்லை. மூன்றாவது, பல நாளாக நிரப்பி வைத்திருந்தது வீட்டுக் கிணற்று உவர்நீர். அது நீரறையில் வெண்பொருக்கைப் படியவைத்து அலுமினியத்தை அரிக்கத் தொடங்கியிருந்தது. அன்றைய கேட்டுக்கு அது காரணமன்று. அடுத்த கேட்டுக்குக் காரணமாயிருக்கும். தண்ணியில்லாக் காட்டில் நீரின் அளவைப் பற்றியே பேசுவோம். நீரின் குணத்தைப் பற்றி எங்களுக்குக் கற்பித்தது அவ்வென்ஜினே.

இதன் பிறகு யான் செய்த உதவி ஒன்றே, குறிப்பேடு எழுதினேன். தமையனார் மிகுந்த கைத்திறமுடையவர். ஆயினும் நம் நாட்டுக் கைவினைஞர் பலரைப் போல யாவற்றையும் நினைவில் வைப்பவர். ஒரே நாளில் ஜெட்டையும் மாற்றுவார், தீப்பொறி நேரத்தையும் மாற்றுவார். பின்னர் எதனால் எது விளைந்தது என்று கூற இயலாது. ஒரு முறைக்கு ஒன்றே மாற்றுவது, மாற்றியதை உடனே எழுதுவது என்னும் இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டோம். ஜெட்டின் எண், பிளக்கின் நிறம், நீரின் சூடு, பளு, ஓடிய நேரம் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதினேன். குழாயை உச்சிக்கு உயர்த்தி, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றி, ஜெட்டைப் படிப்படியாகப் பெரிதாக்கினோம். பளுவுக்காகப் பழைய நீரிறைக்கும் பம்பைப் பெல்ட்டால் பூட்டித் தொட்டிநீரையே மீண்டும் மீண்டும் இறைத்தோம். ஒன்பதாம் ஓட்டத்தில் என்ஜின் ஒரு மணிநேரம் ஓடிற்று. நீரின் சூடு 80 பாகை செல்சியஸைத் தாண்டவில்லை. பிளக்கைக் கழற்றினோம், முனை வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தில் இருந்தது. தேர்வில் நான் பெற்ற மதிப்பெண் எதுவும் எனக்கு அத்துணை மகிழ்ச்சி தந்ததில்லை.

இவையெல்லாம் விளையாட்டே என்பார் எங்கள் கடலை அறியாதவர். நாட்டுப்படகுகளின் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு மோட்டார்களுள் இருவீச்சு என்ஜின்களும் உண்டு. அவை கடல்நீரை உறிஞ்சித் தம்மைக் குளிர்வித்துக்கொள்வன. அந்நீரின் சிறு இழையொன்று பக்கத்துளை வழியே எப்போதும் பீச்சிக்கொண்டிருக்கும். பாசியோ மணலோ பிளாஸ்டிக் பையோ அடைத்து அவ்விழை நிற்குமாயின் உடனே மோட்டாரை நிறுத்துதல் வேண்டும். காரணம் அறியாதவன் இன்னும் சற்று ஓட்டுவான், பிஸ்டன் கவ்விக்கொள்ளும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டரே உள்ளது. 1974-இல் பாக் நீரிணையிலும் 1976-இல் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவும் இலங்கையும் கடலெல்லையை வகுத்துக்கொண்டன. என்ஜின் நின்ற படகு அவ்வெல்லையை அறியாது. காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே செல்லும். அப்பால் சென்றவர்க்குச் சிறையும், படகுக்குப் பறிமுதலும் நேர்வதை எங்கள் கரையில் அறியாத வீடு இல்லை. கொட்டகையில் ஒரு குமிழியைத் தேடக் கற்ற கண், கடலில் நீரிழையைக் காக்கும் கண்ணாகும்.

இனி மாற்றாரின் தடைகளை ஆராய்வோம். இருவீச்சு என்ஜின் புகை கக்குவது, சட்டத்துக்கும் ஒவ்வாதது என்பர் ஒரு சாரார். அவர் கூற்றில் உண்மை உண்டு. புகைவாயிலும் புதுக்கலவை வாயிலும் ஒருங்கே திறந்திருக்கும் நேரத்தில் எரியாத கலவையில் ஒரு பகுதி வெளியே ஓடிவிடுகிறது. அது காற்றுக்குக் கேடே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியின் அமைப்பை மனம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஆதலின், சைலன்சரைக் கழற்றி வேர்க்கோட்டுச் சாலையில் ஊரை எழுப்பும் இளைஞர்க்காக யான் வாதாடவில்லை. தமையனாரின் என்ஜின் மரச்சட்டத்தைவிட்டு இறங்கியதில்லை, இறங்கவும் வேண்டா. உடலைக் கற்க மருத்துவ மாணவன் மேசைமேல் அறுத்துப் பார்ப்பது போன்றதே அது.

காலங்கடந்த என்ஜினைக் கற்று என்ன பயன் என்பர் மற்றொரு சாரார். டி.வி.எஸ் எக்ஸ்.எல் வண்டி 2015-இல் நால்வீச்சுக்கு மாறிற்று, சேதக் என்னும் பெயரே 2020 முதல் மின்சார ஸ்கூட்டரில் விளங்குகிறது, யாவும் மெய்யே. ஆனால் மின்கலமும் சூடேறுவதே. அதனையும் நீராலும் காற்றாலும் குளிர்விக்கின்றனர். வடிவம் மாறும், சூடு எங்கே பிறக்கிறது, எவ்வழியே போகிறது என்னும் வினா மாறாது. அன்றியும், அளவறிந்து செய்பவன் எளிய கருவியாலும் பெருஞ்செயல் முடிப்பான். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் தொழிற்சாலையில், பணமும் பொருளும் அருகியிருந்த காலத்தில், வால்ட்டர் காடன் என்பவர் புகைக்குழாயின் வடிவை ஆராய்ந்தார். குழாயின் முடிவிலிருந்து திரும்பிவரும் அழுத்த அலை, வெளியே ஓடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுமாறு அமைத்தார். 1961-இல் அவருடைய 125 சி.சி. என்ஜின் ஏறத்தாழ 25 குதிரைத்திறன் தந்தது. செல்வமிக்க தொழிற்சாலைகள் அவரைப் பின்பற்றின.

ஏழை வீட்டுப் பணம் வீணாகிறது என்பர் மூன்றாஞ் சாரார். அவர்க்கு நம் தமிழ்நாட்டு ஜி. டி. நாயுடுவையே காட்டுவேன். 1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்து, பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர் அவர். ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தால் அவ்வண்டியை வாங்கி, பிரித்தும் கூட்டியும் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார். 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமானார். அவ்வண்டியை அவர் பிரித்த அன்று எத்தனை பேர் பணம் வீணாயிற்று என்றனரோ!

ஆதலின் நம் கல்லூரித் தலைவர்க்கும் ஆசிரியப் பெருமக்கட்கும் பணிவுடன் ஒரு விண்ணப்பம் செய்கின்றேன். வாரத்தில் ஒரு நாள் மாலை, எத்துறை மாணவரும் வந்து பழகும் சிறு பட்டறையொன்றைத் திறத்தல் வேண்டும். ஒரு வைஸ், சில ஸ்பானர்கள், கழித்த என்ஜின் ஒன்று. தொடங்க இவை போதும். கரையிலிருந்து கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை ஆசிரியராக அழைத்தல் வேண்டும். அவர் எதிரே நாம் மாணவராய் அமர்தல் வேண்டும். தமிழ் மாணவர் குறிப்பேடு எழுதட்டும். கைவினைஞரின் அறிவு அவரோடு மறையாமல் ஏட்டில் நிற்க வேண்டுமாயின் அதனை எழுதுதல் எம் துறையின் கடமையே அன்றோ? பழைய மாணவர்களாகிய பெரியோர் தம் வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கும் ஸ்கூட்டரை இரும்புக் கடைக்கு அனுப்புமுன் எங்களை நினைவுகூர்வாராக.

நம் ஆண்டவர் போதிக்கப் புறப்படுமுன் நாசரேத்தூரில் தச்சராய் உழைத்தார். கருவி பிடிக்கும் கை கல்விக்கு இழுக்கன்று என்பதற்கு இம்மிஷன் கல்லூரியில் வேறு சான்று வேண்டா. அடுத்த தடைக்காலத்தில் தமையனார் சிலிண்டருக்கும் நீரறை அமைக்க எண்ணியுள்ளார். குறிப்பேட்டில் இன்னும் வெற்றுத்தாள்கள் உள்ளன. இம்முறை யான் சிரிக்கமாட்டேன்.