சீசாவில் அடைபடாத மீன்

ஐரோப்பியக் கடலோரப் பாறை இடுக்குகளில் காங்கர் என்னும் பெரிய விலாங்கு வாழ்கிறது. பகலில் பதுங்கி, இரவில் இரை தேடும். நீளம் 2 மீட்டரையும் தாண்டும். அதே கடலில் கண்ணாடிபோன்ற, இலை வடிவச் சிறு மீன் ஒன்றும் அகப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு 'லெப்டோசெபாலஸ்' எனப் பெயர் சூட்டித் தனி இனமாக்கிவிட்டார்கள். (அதன் உடலும் கடல் நீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் நீரில் அது தெரிவதே அரிது. கிளிசரினில் அமிழ்ந்த கண்ணாடிக் கோலைப் பார்த்திருப்பீர்கள்!)

காங்கர் வாழ்நாளில் ஒரே முறை, ஆழ்கடலில் லட்சக்கணக்கான முட்டைகளை இட்டு மடிகிறது. தாயையும் குஞ்சையும் சேர்த்துக் கண்டவர் யார்? 1864-இல் அமெரிக்கர் தியோடர் கில், லெப்டோசெபாலஸ் காங்கரின் இளம்பருவமே என்று ஊகித்தார். 1886-இல் பிரான்சின் ரோஸ்கோஃப் ஆய்வு நிலையத்தில் ஈவ் டெலாஜ் ஒன்றை உயிரோடு தொட்டியில் வளர்த்தார். மாதங்கள் சென்றன, அது காங்கர் குட்டியாக உருமாறியது! இம்மாற்றத்தின்போது அதன் நீளம் கூடுவதில்லை, குறைகிறது.

பார்மலின் சீசாவில் கிடந்த மாதிரி நூறாண்டானாலும் இதைச் சொல்லியிராது. நம் பள்ளிகளிலோ சீசாக்களே வரிசையாக நிற்கின்றன, உயிருள்ளது ஒன்றுமில்லை. இது சரியல்ல என்பது என் கருத்து. (இயற்பியல்காரனுக்கு இதில் என்ன வேலை என்று விலங்கியல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.) தொட்டி வாங்கப் பணம் இல்லையா? மூடியில் துளையிட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். கறிவேப்பிலைச் செடியில் மேயும் பட்டாம்பூச்சிப் புழு ஒன்றை அதில் விட்டு, தினமும் புதுத் தழை போடுங்கள். நீளத்தை அளந்து தேதியுடன் குறியுங்கள். அது கூட்டுப்புழுவாகும் நாளில் நீளம் கூடுகிறதா, குறைகிறதா?