விரலுக்கு விடுதலை! அறிவுக்கு விலங்கா?

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் அரைமணி நேரப் பயணம். 2018 சனவரியில் ஒரு சொல் அந்த வழியைக் கடந்தது, பேருந்தில் அல்ல, கைப்பேசியில்! புறப்பட்டபோது அது சொல்லாக இருந்தது. போய்ச் சேர்ந்தபோது கொள்ளிக்கட்டையாகி விட்டது!

சனவரி 7ஆம் நாள், இராசபாளையத்தில், தினமணி நாளேடு நடத்திய விழாவில், ஆண்டாளைப் பற்றிக் கவிஞர் வைரமுத்து கட்டுரை படித்தார். தலைப்பு ‘தமிழை ஆண்டாள்’. ஆண்டாளின் தமிழைப் போற்றிய அக்கட்டுரை மறுநாள் ஏட்டிலும் வெளிவந்தது. அதனுள்ளே, ஆண்டாளின் பிறப்பு பற்றி ஓர் ஆய்வு நூலிலிருந்து எடுத்துக் காட்டப்பட்ட வரி ஒன்று இருந்தது. கட்டுரை முழுதும் ஊர் சுற்றவில்லை, தோழர்களே! அந்த வரி மட்டுமே வெட்டி எடுக்கப்பட்டது, முகநூலில் ஏறியது, வாட்ஸ்ஆப்பில் பறந்தது. வந்தது சினம், வரவில்லை ஆராய்ச்சி! எவர் மனமேனும் புண்பட்டிருந்தால் வருந்துவதாகக் கவிஞர் தெரிவித்தார்; தணியவில்லை. திருவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாநோன்பு மேற்கொண்டார். இராசபாளையத்திலும் சென்னையிலும் வழக்குகள் பதிவாயின; அவற்றின் மேல்நடவடிக்கைக்குச் சென்னை உயர்நீதிமன்றம் அம்மாதமே தடை விதித்தது. கொதித்தவர்களைக் கேட்கிறேன்: முழுக் கட்டுரையையும் படித்துவிட்டுக் கொதித்தவர் உங்களில் எத்தனை பேர்?

எதிர்முகாமைக் கேட்டுவிட்டு ஓய்ந்துவிட்டால் நமக்குப் பகுத்தறிவாளர் என்ற பெயர் எதற்கு? நம்மையும் கேட்போம். அந்த நூலை வெளியிட்டது அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் என்று கட்டுரை கூறிற்று. உண்மையில் அந்நூல் வெளிவந்தது நம் நாட்டுச் சிம்லாவில், இந்திய உயராய்வு நிறுவனத்தின் வாயிலாக, 1978இல். எடுத்துக் காட்டப்பட்ட ஆய்வுரையை எழுதியவர்கள் கேரளத்து வரலாற்றறிஞர்களான எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும். அமெரிக்கா என்ற பெயர் கேட்டதும் தலையாட்டுவது பகுத்தறிவாகுமா? சாமியாடியின் வாக்கென்றதும் தலையாட்டும் பாமரனுக்கும் நமக்கும் பிறகென்ன வேறுபாடு? மறுப்போரை ஏசத் தெரிந்த விரலுக்கு, நூற்பட்டியல் ஒன்றைத் தேடிப் பார்க்க எத்தனை நொடி ஆகியிருக்கும்?

இணையமே நஞ்சு, இளைஞர் கையிலிருந்து அதைப் பிடுங்குக என்போரும் உளர். அவர்களுக்கு ஒரு சொல். ஏடுகள் எவர் வீட்டுப் பேழையில் இருந்தன? படிக்கும் உரிமை எவருக்கு மறுக்கப்பட்டிருந்தது? 1998இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, காசு கேட்காமல், சாதி கேட்காமல், உலகுக்கு வழங்கி வருகிறது. ஆழ்வார் பாடல்கள் நாலாயிரமும் அங்கே உண்டு. இராசபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளியின் மகள், எவர் அனுமதிக்கும் காத்திராமல், ஆண்டாளைத் தானே படிக்கலாம், சுவைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் தானே கட்டுரையும் எழுதலாம். நூற்றாண்டுகளாய்ப் பூட்டியிருந்த கதவைத் திறந்த கருவி இது. இதையா பிடுங்கச் சொல்கிறீர்கள்?

ஆனால் திறந்த கதவு வழியே திருடனும் நுழைவான். அதே 2018, மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம், போளூர்ப் பக்கம். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறதென்ற பொய்ச் செய்தி ஏற்கெனவே கைப்பேசிதோறும் உலவிக்கொண்டிருந்தது. அடித்தே கொன்றார்கள் அந்தத் தாயை! செய்தியை எழுதியவன் எவனோ. அதை அனுப்பிய நல்லவர்கள் எத்தனை பேரோ! “எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டுமே” என்று அனுப்பியிருப்பார்கள். அந்த ‘எதற்கும்’ என்ற சொல்லுக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

அவ்வாண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்ஆப் வரம்பு வகுத்தது. நன்று. ஆனால் பொய்யை ஐவருக்கு அனுப்பினால் அது மெய்யாகிவிடுமா? கைக்குத் தளையிட நிறுவனத்தால் முடியும். கருத்தைச் சலிக்க நம்மால்தான் முடியும். இராசபாளையத்து ஆலைகளில் பஞ்சைத் தட்டி, தூசு போக்கி, சிக்கெடுத்த பின்னரே நூலாக்குகிறார்கள். செய்தியை மட்டும் குப்பையும் கூளமுமாகவே நூற்கலாமா?

இளைஞனே! வகுப்பில் மாணவன் ஒரு செய்தி சொன்னால், “எந்த நூலில் படித்தாய்?” என்று ஆசிரியர்கள் நாங்கள் கேட்கிறோம். அந்தக் கேள்வியை உன் கைப்பேசியிடம் கேள். சொன்னவர் யார்? முழுதும் சொன்னது என்ன? மூலம் எங்கே? விடை கிடைக்கும் வரை உன் விரல் அசையாதிருக்கட்டும். மாற்றானைத் தாக்கும் செய்தி வந்தால், அது உனக்கு இனிக்கும். ஆகவே அதை இருமுறை சோதி. நமக்கு இனிக்கிறது என்பதற்காகப் பொய் ஒருநாளும் பகுத்தறிவாகிவிடாது!