வெட்டினால் சொல்லிவிட்டு வெட்டுங்கள்

1985இல் அமெரிக்க செனற் சபையில் றொக் இசை பற்றி ஒரு விசாரணை நடந்தது. அப்போது செனற்றராக இருந்த அல் கோரின் மனைவி ரிப்பர் கோர் முதலியோர் தொடங்கிய பெற்றோர் அமைப்பு, பாடல்களில் ஆபாசமும் வன்முறையும் மலிந்துவிட்டதாக முறையிட்டது. பிராங் ஸப்பா, ஜோன் டென்வர், டீ ஸ்னைடர் மூவரும் எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். கடைசியில் இசை நிறுவனங்கள் அல்பங்களில் எச்சரிக்கை ஒட்ட ஒப்புக்கொண்டன. அந்த ஒட்டியைத் தணிக்கை என்று றொக் இரசிகர்கள் இன்றும் வைகிறார்கள். நான் வையமாட்டேன். அது பெற்றோருக்கு ஒரு செய்தியைச் சொன்னது; பாட்டில் கை வைக்கவில்லை.

கை வைத்தவர்கள் கடைக்காரர்கள். ஒட்டி உள்ள இறுவட்டுகளை விற்கமாட்டோம் என்றது வோல்மார்ட். அந்தச் சந்தையை இழக்க விரும்பாத நிறுவனங்கள் அதற்கென்றே சொற்களை அழித்த பதிப்புகளைத் தயாரித்தன. அதே பெயர், அதே குழு, பெரும்பாலும் அதே அட்டை. வெட்டப்பட்டது என்ற விபரம் பலவற்றில் தெளிவாக இருக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பிள்ளை வீட்டில் போட்டுக் கேட்கும்போதுதான் பாட்டின் நடுவே ஓட்டை தெரிந்தது. பெருநகரத்துப் பிள்ளை வேறு கடைக்குப் போகலாம். சிற்றூர்ப் பிள்ளைக்கு இருந்ததே அந்த ஒரு கடை. முழு அல்பம் வேண்டுமானால் அடுத்த நகரம்வரை அலைய வேண்டும்; இல்லையேல் யாருடைய அண்ணனிடமாவது கெஞ்சிக் கசெற்றில் பதிந்துகொள்ள வேண்டும்.

நிர்வாணா குழுவின் ‘இன் யூற்றெரோ’ 1993இல் வெளிவந்தது. வோல்மார்ட்டும் கே மார்ட்டும் விற்க மறுத்தன. அடுத்த ஆண்டு பின்னட்டைப் படத்தை மாற்றி, ‘றேப் மீ’ என்ற பாடலின் பெயரை ‘வெயிஃப் மீ’ என்று அச்சிட்டு ஒரு பதிப்பு வந்தது. பாலியல் வன்முறைக்கு எதிரான பாடல் அது. உள்ளே ஒரு சொல்லும் மாறவில்லை. பிள்ளையின் காதுக்குப் போனது அப்படியே போனது. கடையின் தட்டு மட்டும் சுத்தமானது. சில ஊர்களில் பிள்ளைகளுக்கு வேறு கடை இல்லை என்பதுதான் குழு இணங்கியதற்குச் சொன்ன காரணம்.

பிள்ளைகளைக் காக்கத்தானே என்று சிலர் கேட்பார்கள். 1996இல் ஷெரில் குரோவின் அல்பத்தையும் வோல்மார்ட் விற்க மறுத்தது. அதில் ஒரு பாடல், பிள்ளைகள் கைக்குப் போகும் துப்பாக்கிகளோடு வோல்மார்ட்டின் பெயரைச் சேர்த்துப் பாடியது. அங்கே காக்கப்பட்டது யார்?

இது அமெரிக்கக் கதை என்று நாங்கள் தள்ளி நிற்க முடியாது. வீரமாமுனிவர் குறளை இலத்தீனுக்குக் கொண்டுபோனபோது காமத்துப்பாலை விட்டுவிட்டார். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முப்பாலில் ஒரு பால் இல்லை என்பது எண்ணத் தெரிந்த எவருக்கும் விளங்கும்: 1330இல் 250 குறைகிறது. அந்தக் குறையைப் பார்த்துத் தேடிப் போகலாம். ஓசைப்படாமல் வெட்டியவன் தேடலின் வாசலையே மூடிவிடுகிறான்.

இன்று அந்தக் கத்தரிக்கோல் எங்கள் கையில் இருக்கிறது. இணைய இசைச் சேவைகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எச்சரிக்கைக் குறியுள்ள பாடல்கள் பிள்ளையின் கணக்கில் ஒலிக்காது. எட்டு வயதுக்கு அது சரி. பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லாமல் அழுத்துகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். பள்ளியில் நண்பர்களோடு முழுப் பாட்டையும் கேட்கும் நாளில் அந்தக் கெட்ட சொல் பிள்ளைக்குப் புதிதாக இருக்காது. அம்மாவும் அப்பாவும் சொல்லாமல் மறைத்தார்கள் என்பதுதான் புதிதாக இருக்கும். மொழியும் ஊரும் ஏற்கெனவே எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்கின்றன. இதுவும் எதற்கு?

வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை சண்டை பிடிக்கும், கதவை அடித்துச் சாத்தும். சாத்தட்டும். எதற்காகச் சண்டை பிடிக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்திருக்கும். முடிந்தால் அந்த அல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டுங்கள்.