தாயைக் காட்டாத வியாபாரம்

இலக்கியம் பேசுகிற இடத்தில் நாய் வளர்ப்புக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு பிரதியை எப்படி வாசிக்கிறோம் என்பதே இங்கும் பிரச்சினை என்பதால் எழுதத் துணிந்தோம். ராட்வைலர் நாய்க்கு எழுத்தில் ஒரு தர வரையறை உண்டு. சில பக்கங்களே கொண்ட அந்த ஆவணத்தை விற்பவரும் வாங்குபவரும் அரைகுறையாகவே வாசித்திருக்கிறார்கள் என்பது எங்கள் குற்றச்சாட்டு.

சங்கராபுரத்தைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களிலும் புதிதாக எழும்பும் மாடி வீடுகளிலும் இப்போது ராட்வைலர்களைக் காண முடிகிறது. பெரும்பாலானவை கைபேசியில் வந்த படத்தைப் பார்த்து விலை பேசப்பட்டு, வெளியூர்ப் பேருந்தில் அட்டைப்பெட்டியில் வந்திறங்கியவை. ‘டபுள் போன்’, ‘சாம்பியன் லைன்’, ‘செர்பியன் தலை’ ஆகியவை விற்பனை மந்திரங்கள். குட்டியின் தாய் எப்படிப்பட்டது என்று கேட்டவரை நாங்கள் இதுவரை சந்திக்கவில்லை.

ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய் இது. மாடுகள் ரயிலேறிப் போகத் தொடங்கியதும் நாய்க்கு வேலை போயிற்று, இனமே அருகிவிட்டது. 1910இல் காவல் துறை நாயாக அங்கீகாரம் பெற்றுத்தான் அது பிழைத்தது. அதற்கென ஏ.டி.ஆர்.கே. என்ற ஜெர்மானியச் சங்கம் 1921இல் உருவாயிற்று. எஃப்.சி.ஐ. எனும் சர்வதேசக் கூட்டமைப்பின் 147ஆம் எண் வரையறைப்படி ஆண் நாயின் உயரம் 61 முதல் 68 செ.மீ., எடை சுமார் 50 கிலோ. பெண் நாய் 56 முதல் 63 செ.மீ., சுமார் 42 கிலோ. கறுப்பு உடலில் தெளிவான செம்பழுப்புத் திட்டுகள் இருக்க வேண்டும். வால் இயற்கையாக இருக்க வேண்டும். இங்கேயோ வால் வெட்டிய குட்டிதான் ‘ஒரிஜினல்’!

நம்மவர்கள் இந்த அளவுகளோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆவணம் சுபாவத்தையும் பேசுகிறது. அமைதி, குழந்தைகளிடம் பிரியம், சொல் கேட்கும் குணம் ஆகியவை இந்த இனத்தின் இலக்கணமாகச் சொல்லப்படுகின்றன. கோழைத்தனமோ மிகையான சந்தேகமோ மூர்க்கமோ காட்டும் நாய் தகுதி இழக்கும். ஜெர்மனியில் இடுப்பு, முழங்கை மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்து, சுபாவத்தையும் சோதித்த பிறகே ஒரு நாயை இனப்பெருக்கத்துக்கு அனுமதிக்கிறார்கள். கனத்த உடலைத் தாங்க வேண்டிய இடுப்பு மூட்டு வளரும்போது சரியாகப் பொருந்தாமல் பிசகுவது இந்த இனத்தின் பரம்பரைத் தொல்லை. ‘டபுள் போன்’ என்று மேலும் மேலும் கனத்தை ஏற்றுவது அந்த மூட்டின் மீதுதான்.

நாட்டு இனங்களின் கதையும் வேறல்ல. தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று தேடித் தேடி இணைசேர்த்ததில் ராஜபாளையம் நாய்களில் காது கேளாமை மலிந்தது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் இருந்த ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதம் முன்பே மத்திய அரசு ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தடை கேட்பவர்களின் கோபம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தடை வந்தால் பொறுப்புள்ள வளர்ப்பாளர் தொழிலை விட்டுவிடுவார். கொல்லைப்புறத்தில் குட்டி போடவைப்பவர் விலையை ஏற்றிக்கொள்வார். இருக்கிற சட்டத்தை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவரட்டும். 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை இணைசேர்க்கக் கூடாது. அதன் ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எங்கள் பக்கம் பேருந்தில் வரும் குட்டிகள் பலவற்றுக்கு ஒரு மாதம்கூட நிறைந்திருக்காது.

‘கே.சி.ஐ. சர்டிபிகேட் இருக்கிறது’ என்பார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் தருகிற அந்தச் சான்றிதழ் நாயின் பெற்றோர், பாட்டன், பாட்டி பெயர்களைச் சொல்லும். அவற்றின் மூட்டைப் பற்றியும் குணத்தைப் பற்றியும் அது வாய் திறக்காது. ஜாதகப் பொருத்தம் மட்டும் பார்த்துப் பெண் கொடுப்பது போலத்தான்.

கல்வராயன் மலையில் மரவள்ளிக் காட்டுக்குள் புகும் பன்றியை விரட்டும் நாய்க்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் எந்த வீட்டுப் பெட்டை ஈன்றது, அதன் குணம் என்ன என்பது ஊருக்கே தெரியும். கடிக்கிற பெட்டையின் குட்டியை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். ஜெர்மானியர் எழுதிவைத்துச் செய்கிற காரியத்தின் பாதியை மலைக்காரர்கள் எழுதாமலே செய்துவருகிறார்கள்.

ஆகவே, ராட்வைலர்தான் வேண்டும் என்பவர்கள் நேரில் போய்த் தாயைப் பாருங்கள். அது புது மனிதரைக் கண்டு கூண்டின் மூலைக்கு ஒதுங்கினாலோ வெறிகொண்டு கம்பியைக் கடித்தாலோ, குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இரு பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நல்ல வளர்ப்பாளர் உங்களையும் விசாரிப்பார்: வீட்டில் குழந்தைகள் உண்டா, சித்திரை வெயிலில் நாய் எங்கே படுக்கும், யார் நடத்திக்கொண்டு போவது, வளர்க்க முடியாமல் போனால் திருப்பிக் கொண்டுவருவீர்களா என்று. பகலெல்லாம் மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப் போகிறவருக்கு அவர் குட்டி தரமாட்டார். எதையும் கேட்காமல் ‘ஜிபே பண்ணிடுங்க’ என்று மட்டும் சொன்னால் வெறுங்கையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். தோட்டக் காவலுக்குத்தான் நாய் என்றால், வெள்ளிமலைப் பக்கம் போய்வருகிற யாரிடமாவது சொல்லிவையுங்கள்.