அம்மாவின் குரல்

எங்கள் பகுதியின் முதிய பெண்களுடைய வாழ்க்கைக் கதைகளை ஒலிப்பதிவு செய்து வருகிறேன். ஒரு அம்மா ஐம்பது நிமிடம் கதைத்தார். மூன்றாம் வாரம் காலமாகிவிட்டார். கணினியில் இடம் போதாததால் பதிவுகளைச் சுருக்கிச் சேமிக்கப் போவதாக அவருடைய மகளிடம் சொன்னேன்.

"சுருக்கினால் அம்மான்ர குரல் மாறாதோ தங்கச்சி?"

நியாயமான பயம். எம்.பி.3 ஆகச் சுருக்கும்போது, காதுக்குத் தெரியாது என்று கணிக்கப்படும் ஒலிகள் நீக்கப்படுகின்றன. அவை திரும்பி வரா. முன்பு ஒரு பதிவை அப்படி மாற்றிவிட்டு மூலத்தை அழித்தவள் நான். இன்றும் மனம் உறுத்துகிறது.

2001இல் வெளிவந்த ஃபிளாக் முறை வேறு. சேலையை மடித்து வைப்பதுபோல. விரித்தால் ஒரு நூலும் குறையாது. இறுவட்டுத் தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும் பதிவு, பெரும்பாலும் அதில் பாதியளவுக்கு வந்துவிடும். அப்படியும் குரல் மெலிந்து கேட்கிறது என்பவர்கள் இருக்கிறார்கள். எது சுருக்கியது என்று முன்கூட்டியே தெரிந்தால் காது நம்பிவிடும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் விளக்கம் போதவில்லை. அதனால் சுருக்கியதை மீண்டும் விரித்து மூலத்தோடு கணினியில் ஒப்பிட்டேன். ஒரு எண்கூட மாறவில்லை. பிறகு, எது எதுவென்று சொல்லாமல் இரண்டையும் போட்டேன். இரண்டிலும் கதைக்கு நடுவே அதே இருமல், "தண்ணி கொண்டா பிள்ளை" என்ற அதே குரல்.

எது மூலம் என்று கேட்டேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"எதெண்டாலும் பரவாயில்லை. இன்னொருக்காப் போடுங்கோ."