பள்ளிக்கூடப் பணம் பிச்சையல்ல!

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அதற்கு முன்பே, 1950ல், அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. அது உரிமையாகச் சட்டமானது எப்போது? 2009ல்! இரண்டு தலைமுறை காத்திருந்து பெற்ற உரிமையின் கழுத்தில்தான் டில்லி சர்க்கார் கை வைத்தது.

'சமக்ர சிக்ஷா' என்ற திட்டம் 2018 முதல் நடக்கிறது. நூறு ரூபாய் செலவில் 60 ரூபாய் மத்திய சர்க்காருடையது. 40 ரூபாய் ராஜ்ய சர்க்காருடையது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர்கள், பகுதிநேர ஆசிரியர்கள், ஆசிரியர் பயிற்சி, தனியார் பள்ளியில் 25 சத இட ஒதுக்கீட்டில் சேரும் ஏழைப் பிள்ளையின் கட்டணம் எல்லாம் இந்தப் பணத்தை நம்பியவை.

2024-25ல் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. கணக்கில் தவறா? இல்லை. பி.எம். ஸ்ரீ என்ற வேறொரு திட்டத்தில் கையெழுத்திட்டு, புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லையாம்! இப்படி நிறுத்துவது நியாயமல்ல என்று 2025 மார்ச்சில் பார்லிமெண்டின் கல்விக் கமிட்டியே கூறிற்று. மே மாதத்தில் தமிழக சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த ஜூனில் பள்ளிகள் திறந்தன. 25 சத இடங்களுக்கான சேர்க்கையோ அக்டோபரில்தான் தொடங்கிற்று. நஷ்டப்பட்டது யார்? கூலிக்காரன் பிள்ளை!

நாம் கேட்கிறோம்: இது யார் பணம்? சோப்புக்கட்டி முதல் செருப்பு வரை வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி கட்டும் உழைப்பாளியின் பணம். மாதம் முழுதும் வேலை வாங்கிவிட்டு, "நான் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடு, பிறகு சம்பளம்" என்று முதலாளி சொன்னால் சங்கம் சும்மா இருக்குமா? களத்தில் நெல்லைக் குவித்தபின் கூலி அளக்க மறுக்கும் மிராசுதாரை விடுவோமா? டில்லியின் நியாயமும் அதே நியாயம்தான்.

டில்லியைக் கண்டிப்பதோடு நமது வேலை முடிந்துவிடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21வது பிரிவு பெற்றோர் கையில் ஓர் ஆயுதம் தந்திருக்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் உரிய இடம் உண்டு. சர்க்கார் தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் வேலை. கைநாட்டு வைக்கும் தாயும் கணக்குக் கேட்கலாம்.

ஆனால் பகல் ஷிப்டில் நிற்பவரும், நடவு வயலில் குனிந்திருப்பவரும் வேலை நேரத்தில் நடக்கும் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? ஒரு நாள் கூலி போனால் அன்று அடுப்பு எரியாதே! கூட்டத்தை மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்க வேண்டியது ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லித் தொழிலாளித் தோழர்களே! விவசாயத் தொழிலாளர்களே! போனஸ் கணக்கைக் கேட்கத் தெரிந்த நமக்குப் பள்ளிக்கூடக் கணக்கைக் கேட்கத் தெரியாதா? குழுவில் இடம் பிடியுங்கள். கூரை ஒழுகுகிறதா, கக்கூசில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் போதுமா என்று கேளுங்கள். பணம் வரவில்லை என்று பதில் வந்தால், அதையே கோஷமாக்கி வீதிக்குக் கொண்டு வாருங்கள்.

நிபந்தனையின்றிப் பணத்தைக் கொடு! கணக்கை மக்கள் முன் வை!